வலியும் அபினும்: ஒரு வரலாற்று நோக்கு

திருநீர்மலை அடிவாரத்தில் நாம் குடியிருக்கும் பகுதியில், எழுபதைக் கடந்த அம்மையார் ஒருவர் புற்றுநோயால் துன்புற்று வந்தார். நோய் எலும்புவரை பரவிவிட்டதால் இனிச் சிகிச்சையால் பயனில்லை, வலியைத் தணிக்க மட்டுமே இயலும் என்று கூறிய மருத்துவர், மார்ஃபின் மாத்திரையை எழுதித் தந்தார். அம்மையாரின் மகன் பல்லாவரத்திலும் தாம்பரத்திலும் கடை கடையாக ஏறி இறங்கினார். எங்கும் அம்மருந்து இல்லை. இறுதியில் மருத்துவமனை ஒன்றின் மூலம் அதனைப் பெற்று வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வேறொரு தடை எழுந்தது. அது அபினிலிருந்து எடுக்கப்படும் மருந்து என்பதை எவர் மூலமோ அறிந்த அம்மையார், அதனை வாயில் வைக்க மறுத்துவிட்டார்.

"ஹஜ்ரத், நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா அம்மா கேட்பாங்க" என்று மகன் நம்மை அழைத்துச் சென்றார். அம்மையார் நம்மைப் பார்த்துக் கேட்டது இதுதான்: "அபின் ஹராம் இல்லையா ஹஜ்ரத்? காலை அறுக்கும்போதுகூட உர்வா நாயகம் மயக்க மருந்து வேண்டாம்னு சொன்னாங்களே. பெண்கள் பயான்ல நீங்கதானே சொன்னீங்க?"

ஆம், நாம்தாம் சொல்லியிருந்தோம். பொறுமையின் சிறப்பை விளக்க, மதீனாவின் ஏழு சட்டமேதைகளுள் ஒருவரான உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்களின் வரலாற்றை எத்தனையோ முறை மேடைகளில் கூறியிருக்கிறோம். அது வலியால் துடிக்கும் ஒரு முதிய பெண்மணியின் மருந்துக்குத் தடையாக வந்து நிற்கும் என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. உடனே பதில் கூற நமக்குத் துணிவு வரவில்லை. ஒரு நாள் தவணை கேட்டுத் திரும்பினோம். அந்த ஒரு நாளில் தொடங்கிப் பல மாதங்கள் நீண்ட வாசிப்பின் சுருக்கமே இக்கட்டுரை.

இப்னு ஸீனாவின் பார்வையில் வலி

நம் வீட்டுக் குருமாவில் அரைத்துச் சேர்க்கும் கசகசாவின் பெயர், 'கஷ்காஷ்' என்னும் சொல்லின் தமிழ் வடிவமாகும். அதே செடியின் முற்றாத காயைக் கீறினால் வடியும் பாலே அபின். 'சாறு' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் அரபியில் 'அஃப்யூன்' ஆகி, தமிழில் 'அபின்' என வழங்குகிறது. விதையில் போதை இல்லை என்றே கூறலாம். எனினும் பாலின் எச்சம் அதில் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், வளைகுடா நாடுகள் சிலவற்றுக்கு அதனை எடுத்துச் செல்லத் தடை இருப்பதைப் பயணம் செய்தோர் அறிவர். ஒரே செடி சமையலறையிலும் மருந்தகத்திலும் சிறைச்சாலைக் கதைகளிலும் இடம்பெறுவது வியப்புக்குரியது.

வலியைப் பற்றிய முறையான ஆய்வுக்கு முஸ்லிம் உலகம் அளித்த பங்கு பெரிது. ஹகீம் இப்னு ஸீனா (980–1037) தம் 'அல்கானூன்' பெருநூலில் வலியைப் பதினைந்து வகைகளாகப் பிரிக்கிறார். குத்தும் வலி, அழுத்தும் வலி, துளைக்கும் வலி, அரிக்கும் வலி, மரத்துப்போகும் வலி என்று அவர் தரும் பெயர்களை, இன்றும் நோயாளிகள் தம் வாயால் மருத்துவரிடம் கூறக் கேட்கிறோம். உடலின் தொடர்ச்சி அறுபடுவதே வலிக்குக் காரணம் என்பது கிரேக்க மருத்துவர் காலனின் கருத்து. இப்னு ஸீனா இதனை முழுமையாக ஏற்கவில்லை. தொடர்ச்சி அறுபடாமலேயே உறுப்பின் இயல்புநிலை திடீரென மாறினாலும் வலி தோன்றும் என்று அவர் வாதிட்டார். புண் வேறு, வலி வேறு என்பதே இந்த வாதத்தின் உட்பொருள்.

இக்கருத்தின் ஆழத்தை நம் காலத்தில் உணர்த்தியவருள் ஒருவர் தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பேராசிரியரானவர். கை துண்டிக்கப்பட்ட சிலருக்கு இல்லாத கையிலே தாங்கொணா வலி இருப்பதுண்டு. ராமச்சந்திரன் 1990களில் ஓர் எளிய கண்ணாடிப் பெட்டியைச் செய்தார். எஞ்சியுள்ள கையின் பிம்பம், இழந்த கை மீண்டுவிட்டதுபோல் அதில் தோன்றும். அதனைப் பார்த்துக் கையை அசைத்த நோயாளிகள் சிலருக்கு அந்த வலி தணிந்தது. உறுப்பே இல்லாத இடத்தில் வலி இருக்கக்கூடுமாயின், வலி என்பது புண்ணில் மட்டும் தங்கியிருப்பதன்று. அதனை உணர்வாக்குவதில் மூளைக்குப் பெரும்பங்கு உண்டு.

மீண்டும் கானூனுக்கு வருவோம். வலியைத் தணிக்கும் மருந்துகளை இப்னு ஸீனா வகைப்படுத்தும்போது, நோயின் காரணத்தை நீக்குபவற்றையும் உணர்வை மரக்கச் செய்பவற்றையும் தனித்தனியே பிரிக்கிறார். பின்னவற்றை 'முகத்திர்' என்று அழைத்து, அவற்றுள் மிகவும் வலிமை வாய்ந்தது அபின் என்கிறார். காரணத்தை நீக்குவதே உண்மையான சிகிச்சை என்றும், மரக்கச் செய்வதைத் தேவையறிந்து அளவோடு கையாள வேண்டும் என்றும் எச்சரிக்கிறார். அந்த எச்சரிக்கை அவர் வாழ்விலேயே மெய்யானது எனலாம். இறுதி நோயின்போது அவர் உண்ட மருந்தில் பணியாள் ஒருவர் அபினை அளவுமீறிச் சேர்த்ததாக அவருடைய மாணவர் ஜூஸ்ஜானி பதிவு செய்துள்ளார்.

இப்னு ஸீனாவின் சமகாலத்தவரான அல்பீரூனீ, 'கிதாபுஸ் ஸைதனா' என்னும் மருந்தியல் நூலில் மற்றோர் உண்மையைக் குறித்தார். வெப்பம் மிகுந்த நாடுகளில் சிலர் உறக்கத்துக்காகவும் களைப்பு நீங்கவும் நாள்தோறும் அபின் உண்ணத் தொடங்குகின்றனர். முதலில் சிறிதளவே போதுமானதாக இருக்கிறது. நாளடைவில் அளவு கூடி, பிறரைக் கொல்லும் அளவையும் அவர்கள் எட்டிவிடுகின்றனர் என்பது அவர் கண்டது. பதினாறாம் நூற்றாண்டில் பாரசீக மருத்துவர் இமாதுத்தீன் மஹ்மூத் ஷீராஸீ அபினுக்கென்றே தனி நூல் எழுதினார். அவரே அப்பழக்கத்துக்கு ஆட்பட்டவர். ஆகவே அபினின் பயன், அளவு, அடிமைத்தனம் ஆகிய மூன்றையும் நம் முன்னோர் அறிந்தே இருந்தனர். அது ஏன் வலியை நீக்குகிறது, ஏன் அடிமையாக்குகிறது என்பதை அறியும் கருவிகள் மட்டும் அவர்களிடம் இருக்கவில்லை.

பூட்டும் சாவியும்

அதற்கான முதற்படி ஜெர்மனியில் நிகழ்ந்தது. ஃப்ரீட்ரிக் ஸெர்ட்யூர்னர் என்ற இளம் மருந்தாளுநர் 1805ஆம் ஆண்டையொட்டி அபினிலிருந்து அதன் சாரத்தைப் பிரித்தெடுத்தார். கிரேக்கரின் கனவுத் தெய்வத்தின் பெயரால் அது மார்ஃபின் எனப்பட்டது. அபின் கட்டியில் சாரம் எவ்வளவு என்று எவரும் திட்டமாகக் கூற இயலாத நிலை மாறி, அளந்து கொடுக்கத்தக்க மருந்து கிடைத்தது. அதே நூற்றாண்டில்தான் கிழக்கிந்தியக் கம்பெனி நம் நாட்டு உழவரைக் கொண்டு அபின் விளைவித்துச் சீனத்தில் விற்றுப் பொருள் குவித்தது. அதன் தொடர்ச்சியாக 1839இல் அபின் போர் மூண்டது. வணிகப் பேராசையால் ஒரு மருந்து ஒரு தேசத்தின் நோயாக மாறியது.

மிகச் சிறிய அளவு மார்ஃபினும் பெரும் விளைவை உண்டாக்குவதைக் கண்ட அறிஞர், உடலில் அதற்கென்றே ஓர் இடம் இருக்க வேண்டும் என்று ஊகித்தனர். 1973இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஆராய்ச்சி மாணவி கேண்டஸ் பெர்ட்டும் அவருடைய ஆசிரியர் சாலமன் ஸ்னைடரும் அந்த ஊகத்தை மெய்ப்பித்தனர். கதிரியக்கம் ஏற்றிய ஒரு மருந்தை மூளைத் திசுவோடு கலந்து, அது எங்கே ஒட்டிக்கொள்கிறது என்று அளந்து காட்டினர். அதே ஆண்டில் ஸ்வீடனில் டெரேனியஸும் நியூயார்க்கில் சைமனும் தனித்தனியே அம்முடிவையே எட்டினர். செல்லின் மேலுறையில் பூட்டுப் போல அமைந்த அப்புரதங்களை 'ஏற்பிகள்' என்று தமிழில் குறிக்கிறோம்.

இங்கே ஒரு கேள்வி எழுந்தது. கசகசாச் செடியின் பாலுக்கென்று மனித மூளையில் பூட்டு ஏன் இருக்க வேண்டும்? உடலே தனக்கென ஒரு சாவியை உண்டாக்கிக்கொள்ளுமானால் மட்டுமே அதற்குப் பொருள் உண்டு. 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் அச்சாவியைக் கண்டனர். அவர்கள் ஆராய்ந்தது பன்றியின் மூளை. ஐந்தே அமினோ அமிலங்கள் கோத்த அச்சிறு பொருளுக்கு 'என்கெஃபலின்' என்று பெயரிட்டனர். மனிதர் உடலிலும் இவ்வகைப் பொருள்கள் சுரக்கின்றன. நம்மைப் படைத்தவன் வலியை உணரும் வழியோடு அதனைத் தணிக்கும் வழியையும் நம் உடலிலேயே அமைத்திருக்கிறான் என்பதை இக்கண்டுபிடிப்பிலிருந்து நாம் உணர்கிறோம்.

இந்த ஏற்பிகளுள் முதன்மையான மூன்றுக்கு மியூ, டெல்டா, காப்பா என்று பெயர். மார்ஃபின் பெரிதும் பற்றுவது மியூ ஏற்பியை. தண்டுவடத்தில் உள்ள ஏற்பிகளில் அது பொருந்தும்போது, புண்ணிலிருந்து வரும் செய்தி மூளைக்குச் செல்வது மட்டுப்படுகிறது. குடலிலுள்ள ஏற்பிகளைப் பற்றுவதால் மலச்சிக்கல் உண்டாகிறது. மூச்சை ஆளும் மூளைத்தண்டிலும் அதே ஏற்பி உள்ளதால் அளவு மீறினால் மூச்சு நின்று போகிறது. இப்னு ஸீனா கண்ட பயனுக்கும் அஞ்சிய ஆபத்துக்கும் காரணம் ஒரே பூட்டுத்தான் என்பது ஆயிரமாண்டு கழித்துப் புலப்பட்டது.

ஒளி காட்டிய வழி

ஏற்பி இருக்கிறது என்று அறிவது வேறு, உயிருள்ள செல்லில் அது இயங்குவதைக் கண்ணால் காண்பது வேறு. பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே பார்வை நிகழ்கிறது என்று 'கிதாபுல் மனாழிர்' நூலில் நிறுவியவர் இப்னு ஹைஸம் ஆவார். செல்லுக்குள் இருக்கும் ஒரு குறிப்பிட்ட புரதத்தைப் பார்க்க வேண்டுமாயின், அப்புரதத்திலிருந்தே ஒளி வரவேண்டும். அதற்கு உதவியது உடனொளிர்வு என்னும் இயல்பு. ஒரு நிற ஒளியை வாங்கி வேறொரு நிற ஒளியாகத் திருப்பித் தருவதே உடனொளிர்வாகும். 1852இல் இதனை ஆராய்ந்து ஆங்கிலத்தில் பெயரிட்ட ஜார்ஜ் ஸ்டோக்ஸ், அதற்குப் பயன்படுத்திய பொருள்களுள் ஒன்று குவினைன் கரைசல். பிற்காலத்தில் நம் நீலகிரியில் பயிரான சிங்கோனாப் பட்டையிலிருந்து எடுக்கப்பட்ட அதே காய்ச்சல் மருந்துதான். வெயிலில் வைத்தால் அதன் மேற்பரப்பில் நீலம் மினுக்குவதைக் காணலாம்.

1962இல் ஜப்பானிய அறிஞர் ஒஸாமு ஷிமோமுரா, கடல் சொறிமீன் ஒன்றிலிருந்து பச்சையாக ஒளிரும் புரதத்தைப் பிரித்தெடுத்தார். 1994இல் மார்ட்டின் சால்ஃபி அப்புரதத்தின் மரபணுவை வேறோர் உயிரில் சேர்த்து அங்கும் அதனை ஒளிரச் செய்தார். ராஜர் சியன் அதற்குப் பல நிறங்களை உண்டாக்கினார். மூவருக்கும் 2008இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த ஒளிரும் புரதத்தை அபின் ஏற்பியோடு இணைத்துவிட்டால், இருண்ட வானில் விண்மீனைப் பார்ப்பதுபோல் நுண்ணோக்கியில் அதனைப் பின்தொடரலாம்.

அவ்வாறு பின்தொடர்ந்தோர் கண்டவற்றுள் ஒன்று, உடலின் சாவியும் செடியின் சாவியும் ஒன்றுபோல் வேலை செய்வதில்லை என்பது. என்கெஃபலின் பொருந்தியதும் மியூ ஏற்பியைச் செல் விரைந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. மார்ஃபின் பொருந்தும்போது அவ்வாறு இழுப்பது மிகவும் குறைவு. 2018இல் கலிஃபோர்னியாவில் மார்க் வான் ஸாஸ்ட்ரோவின் ஆய்வுக்குழு இதற்கும் மேலே சென்றது. ஏற்பி விழித்தெழுந்தால் மட்டும் அதனிடம் சென்று ஒட்டி ஒளிரும் ஓர் உளவுப் புரதத்தை அவர்கள் கையாண்டனர். உடலின் பொருள் செல்லின் மேலுறையிலும், உள்ளிழுக்கப்பட்ட நுண்பைகளிலும் உள்ள ஏற்பிகளையே எழுப்பியது. மார்ஃபின் போன்ற மருந்துகளோ மேலுறையை ஊடுருவிச் சென்று, செல்லின் உள்ளே 'கால்ஜி' எனப்படும் பகுதியில் உறங்கும் ஏற்பிகளையும் எழுப்பிவிட்டன. உடலின் சாவி நுழையாத அறைக்குள் வெளிச்சாவி நுழைகிறது. பழக்கம், அடிமைத்தனம் ஆகியவற்றின் வேரைத் தேடுவோருக்கு இது ஒரு முக்கியத் தடயம். தீங்கில்லாமல் வலியை மட்டும் தணிக்கும் அபின்வகை மருந்தைத் தேடும் பணி தொடர்கிறது.

அந்த உளவுப் புரதத்தின் பிறப்பும் குறிப்பிடத்தக்கது. அது 'நானோபாடி' எனப்படும் மிகச் சிறிய எதிர்ப்பொருள் வகையைச் சேர்ந்தது. அவ்வகைக்கு மூலமான எதிர்ப்பொருளைப் பெல்ஜிய ஆய்வாளர்கள் ஒட்டகத்தின் இரத்தத்தில் கண்டறிந்து 1993இல் வெளியிட்டனர். ஒட்டகம் எவ்வாறு படைக்கப்பட்டிருக்கிறது என்று சிந்திக்கத் திருமறை அழைப்பதை ஓதிவரும் நமக்கு, இச்செய்தியைப் படித்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைப்பதற்கில்லை.

விளையும் நாட்டில் கிடைக்காத மருந்து

அம்மையாரின் மகன் ஏன் கடை கடையாக அலைந்தார்? உலகில் அரசு அனுமதியுடன் அபின் பாலை எடுக்கும் நாடுகளுள் இந்தியா முதன்மையானது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் உரிமம் பெற்ற உழவர் விளைவிப்பதை அரசே வாங்கி, நீமச், காஜிப்பூர் ஆலைகளுக்கு அனுப்புகிறது. ஆயினும் 1985இல் இயற்றப்பட்ட போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடுமையான தண்டனைகளை விதித்தது. மருத்துவமனை மார்ஃபின் வாங்கப் பல துறைகளிடம் பல உரிமங்கள் பெற வேண்டியிருந்தது. கணக்கில் ஒரு பிழை நேர்ந்தாலும் சிறை என்ற அச்சத்தால் மருத்துவரும் மருந்தகத்தாரும் அதனைத் தொடவே தயங்கினர். 1997இல் நாடு முழுவதும் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்ஃபின் 18 கிலோ மட்டுமே. சட்டத்துக்கு முன்பிருந்த நிலையோடு ஒப்பிட்டால் இது 97 விழுக்காடு வீழ்ச்சி. ஒரு தலைமுறை மருத்துவர் இம்மருந்தைக் கையாளக் கற்காமலேயே பட்டம் பெற்று வெளிவந்தனர்.

இந்நிலையை மாற்ற உழைத்தவருள் முதன்மையானவர் கேரளத்தின் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால். 1993இல் கோழிக்கோட்டில் அவரும் மருத்துவர் சுரேஷ்குமாரும் நண்பர்களும் வலிதணிப்புச் சங்கத்தைத் தொடங்கினர். அதன் வழியில், வீடு தேடிச் சென்று நோயாளரைப் பராமரிக்கும் தொண்டர்கள் கேரளமெங்கும் உருவாயினர். இத்தகையோரின் நெடிய முயற்சியால் 2014இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. இன்றியமையாத மருந்துகளுக்கு நாடு முழுவதற்கும் ஒரே விதிமுறை வகுக்கப்பட்டது. சட்டம் தளர்ந்தும் அச்சம் இன்னும் முழுமையாக அகலவில்லை.

இவ்வச்சம் முற்றிலும் அடிப்படையற்றது என்றும் நாம் கூறவில்லை. அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதியில் மருந்து நிறுவனங்களின் விளம்பரத்தை நம்பி, எளிய வலிகளுக்கும் அபின்வகை மாத்திரைகள் வாரி வழங்கப்பட்டன. அதில் தொடங்கிய கேடு, கள்ளச்சந்தைப் போதைப்பொருள்களால் பெருகி, 2021ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பறித்தது. ஒரு நாடு கட்டுப்பாடின்றிக் கொடுத்ததால் அழிவைக் கண்டது. மற்றொரு நாடு அஞ்சி மறுத்ததால் நோயாளரைத் துடிக்கவிட்டது. அளவும் தேவையும் அறிந்து கொடுத்தல் என்னும் கானூனின் பாடத்தை இரு நாடுகளும் தவறவிட்டன.

சட்டமேதைகள் கூறியது என்ன?

அம்மையாரின் கேள்விக்கு வருவோம். மாலிகீ மத்ஹபின் பேரறிஞர் இமாம் கராஃபீ (ரஹ்) அவர்கள் (மறைவு 1285) 'அல்ஃபுரூக்' நூலில், அறிவைப் பாதிக்கும் பொருள்களை மூன்றாகப் பிரிக்கிறார்கள். களிப்போடு மதியை மயக்குபவை, புலன்களை உறங்கச் செய்பவை, களிப்பின்றி மதியைக் குலைப்பவை என்பன அம்மூன்று. முதல்வகையான மதுவில் ஒரு துளியும் கூடாது. அபின் போன்றவை மதுவின் வகையைச் சேர்ந்தவை அல்ல என்பதால், அறிவைப் பாதிக்காத சிறிய அளவு விலக்கப்பட்டதன்று என்பது அவர்களின் முடிவு. ஷாஃபியீ மத்ஹபின் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் (மறைவு 1277), அழுகிய கையை அகற்ற வேண்டிய நிலையில் அறிவை மறைக்கும் மருந்தை உண்பது ஆகுமா என்ற கேள்விக்கு, ஆகும் என்பதே சரியான கருத்து என்று எழுதியுள்ளார்கள்.

இப்பெருமக்கள் உர்வா (ரஹ்) அவர்களின் வரலாற்றை அறியாதவர்களா? நம்மினும் நன்கு அறிந்தவர்கள். அறிந்தும் அதனை எவர்மீதும் சட்டமாக விதிக்கவில்லை. உர்வா அவர்கள் தமக்காக ஓர் உயர்நிலையைத் தேர்ந்தார்கள். ஒருவர் தம் உடலின் வேதனையைப் பொறுப்பது ஸப்ர் ஆகலாம். மற்றவரின் வேதனையை அவர் சார்பில் நாம் பொறுத்துக்கொள்வது ஸப்ர் ஆகாது. வரலாற்றைக் கூறிய நாம் சட்டத்தையும் சேர்த்துக் கூறாமல் விட்டது நம் குறையே ஆகும்.

மறுநாள் அம்மையாரிடம் இவற்றை எளிய சொற்களில் எடுத்துரைத்தோம். "தொழுகையை மறந்து தூங்கிப்போயிடுவேனா?" என்று கேட்டார். மருத்துவர் அளந்து தரும்போது அறிவு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும் என்றும், தொடக்கத்தில் சில நாள் வரும் உறக்கம் விலகிவிடும் என்றும் மகன் மருத்துவரிடம் கேட்டறிந்து கூறினார். அன்றிரவு முதல் மாத்திரையை உட்கொண்டார். சில நாள் கழித்துச் சென்றபோது, சுவரில் தலையணை சாத்தி உட்கார்ந்தவாறே அஸர் தொழுதுகொண்டிருந்தார். வலி தாளாமல் பல வாரங்களாக நின்றுபோயிருந்த அமர்ந்த தொழுகை அது. ஏறத்தாழ இரண்டு மாதங்களில் அவர் இறையடி சேர்ந்தார். அல்லாஹ் அவருடைய மண்ணறையை ஒளிமயமாக்குவானாக.

நம் மஹல்லாக்களில் இன்றும் மூடிய கதவுகளுக்குப் பின்னால் இத்தகைய நோயாளர் இருக்கவே செய்வர். அவர்களுக்கு மருந்து கிடைக்கும் இடத்தை அறிந்து சொல்வதும், வலிதணிப்புப் பயிற்சி பெற்ற தொண்டர்களை உருவாக்குவதும் ஜமாஅத்துகளின் பொறுப்புகளுள் ஒன்றாக வேண்டும். ஆலிம்களாகிய நமக்கு இதில் தனிக் கடமை உண்டு. அடுத்த பெண்கள் பயானில் நாம் உர்வா (ரஹ்) அவர்களின் வரலாற்றை மீண்டும் கூறினோம். இம்முறை இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் தீர்ப்பையும் சேர்த்துக் கூறினோம்.